கெட்டிலுக்குள் நிற்பவள்

பிப்ரவரி 4

வீட்டுக்காரிக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் அக்கா போனில் சொன்னார்கள். முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தார்களாம். சந்தோஷம். உன்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "அவ பேச மாட்டாளாம். எழுதச் சொல்றா" என்றார்கள். சரி, எழுதுகிறேன். கெட்டில் எங்கே?

முதலில் திருடன் வந்துவிட்டான் என்றே நினைத்தேன். ஆனால் ரேடியோவை விட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தை விட்டுவிட்டு, படத்துக்காக மேஜையில் அடுக்கிய வெங்காயத்துக்கும் எலுமிச்சைக்கும் நடுவிலிருந்து கெட்டிலை மட்டும் அலுங்காமல் தூக்கிக்கொண்டு போகிற திருடன் உலகத்தில் கிடையாது. துண்டில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. ஊசி போட்டால் தெரியாது என்று பேர் வாங்கிய கை ஒன்று நம் வீட்டில் உண்டு. அது செய்த வேலைதான் இது.

படம் எந்த நிலையில் இருக்கிறதென்று உனக்குத் தெரியும். வெங்காயங்கள் முடிந்துவிட்டன. எலுமிச்சை, மடித்த துண்டு, மேஜை விளிம்பு எல்லாம் முடிந்தாயிற்று. வெள்ளை, மண் மஞ்சள், சிவப்பு, கருப்பு என்று ஓவிய வகுப்பு மாஸ்டர் அனுமதித்த நாலே ட்யூபை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். கெட்டில்தான் பாதியில் நிற்கிறது. இப்போது மேஜையில் வெங்காயமும் எலுமிச்சையும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருக்கின்றன, நடுவில் ஒன்றுமில்லை. மார்ச் பத்தாம் தேதி வகுப்பின் கண்காட்சி. ஆபீசில் காலமெல்லாம் குடிநீர்க் குழாய்க்கு வரைபடம் போட்டவன், ரிட்டயர் ஆன பிறகாவது ஜனங்கள் நின்று பார்க்கிற மாதிரி ஒன்று செய்ய நினைத்தேன். அது பெரிய குற்றமா?

மனதில் இருக்கிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மதிய டியூட்டிக்குக் கிளம்பும் முன் நீ சமையலறை வாசலில் நின்று சாப்பாட்டு டப்பாவை மூடுவாய். அப்போது உன் வெள்ளை யூனிஃபார்ம் கெட்டிலின் வயிற்றில் ஒரு கீற்றாக விழும். மூன்றே தூரிகை வீச்சு. மாஸ்டரே கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அந்தக் கீற்றை முடிக்கிற நேரத்தில் நீ திடீரென்று கரு நீலத்தில் வந்து நிற்கிறாய்! பழைய வெள்ளையைப் போட்டுக்கொண்டு ஒரு அரை மணி நேரம் நில்லென்று கேட்டதற்குப் பாத்திரத்தை 'ணங்'கென்று போட்டுவிட்டுப் போனாய்.

உன் ஆஸ்பத்திரி ஆட்கள் சாப்பிட வந்தது பற்றியும் உனக்குக் கோபம் இருக்கலாம். மேஜையைக் கலைக்க முடியாது என்று சொன்னேன், வாஸ்தவம்தான். தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். யாராவது குறை சொன்னார்களா?

கெட்டிலைக் கூரியரில் அனுப்பு. துணி சுற்றி அனுப்பு. தயவுசெய்து நார் போட்டுத் தேய்க்காதே. தேய்த்தால் பளபளப்பு மாறிவிடும்.

இப்படிக்கு,
உன் கணவன்


பிப்ரவரி 9

ஓவியர் அவர்களுக்கு,

கெட்டில் இங்கே அக்காவின் அடுப்பில் இருக்கிறது. அக்கா நாள் முழுக்கத் தேநீர் குடிக்கிறாள், நான் போட்டுக் கொடுக்கிறேன். கடைக்காரன் அதைச் செய்து விற்றது அதற்குத்தான். வந்த அன்றைக்கே நார் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று இருக்கிறது.

ஏன் எடுத்துக்கொண்டு வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் வீட்டில் இல்லை என்பது உங்களுக்கு உறைக்க எப்படியும் இரண்டு நாள் ஆகும். கெட்டில் இல்லை என்பது பத்து மணிக்கே தெரிந்துவிடும். போனில் பேசாததற்கும் காரணம் உண்டு. போனில் நான் சொல்லிக்கொண்டே போவேன், நீங்கள் 'ம்' என்பீர்கள். அப்புறம் 'ம்'. காகிதத்தில் 'ம்' எழுதி அனுப்ப முடியாது பாருங்கள். ஸ்டாம்பு வீண்.

டிசம்பரிலிருந்து அந்த மேஜையில் நாம் சாப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பத்திலிருந்து பன்னிரண்டு வரை விளக்குப் போடக்கூடாது, திரையைத் தொடக்கூடாது, மின்விசிறி கூடாது. ஐஸ் எடுக்கலாமென்று பிரீசரைத் திறந்தால் பாலிதீனில் சுற்றிய பெயிண்ட் தட்டு! காயாமல் இருக்க அங்கேதான் வைக்க வேண்டுமாம். பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைன் நாற்றத்தில் நான் சமைத்த எதுவும் எனக்கே ருசிக்கவில்லை. உங்கள் கால் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் டேப் ஒட்டினீர்கள், பொறுத்துக்கொண்டேன். என் சமையலறை வாசலில் என் காலுக்கும் டேப் ஒட்டினீர்களே, அதை எந்தப் புருஷன் செய்வான்? 'அசையாப் பொருள் ஓவியம்' என்று பெருமையாகச் சொல்வீர்கள். நம் வீட்டில் இடிச்ச புளி மாதிரி அசையாமல் இருந்தது யாரென்று வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வந்தவர்கள் குறை சொன்னார்களா என்று கேட்கிறீர்கள். ஒன்பது பேர். கட்டில்மேல் நாலு பேர், டிரங்குப் பெட்டிமேல் இரண்டு பேர், மற்றவர்கள் சுவரில் சாய்ந்துகொண்டு. நல்ல மேஜையில் இரண்டு வெங்காயம் மகாராஜா மாதிரி வீற்றிருந்ததைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். வெளியாட்கள் குறை சொல்ல மாட்டார்கள். கட்டிக்கொண்டவள் சொல்கிறேன்.

நீலத்துக்கு ஏன் மாறினேன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். எலுமிச்சம்பழத் தோலில் இருக்கிற புள்ளியெல்லாம் தெரிகிற கண்ணுக்கு இது தெரியாமலா போகும்?

கெட்டில் வராது.

அக்காவின் வீட்டிலிருந்து,
நான்தான்


பிப்ரவரி 13

வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆத்திரத்தில் எழுதியிருக்கிறாய், அதனால் நான் நிதானமாகவே பதில் எழுதுகிறேன்.

கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கி வேறொரு கெட்டில் வாங்கி வந்தேன். பிரயோஜனமில்லை. மூக்கு குட்டை, வயிறு சப்பை, கைப்பிடி கருப்பு பிளாஸ்டிக். அதை நடுவில் வைத்தால் வெங்காயத்துக்கே பிடிக்கவில்லை. இருக்கிற கெட்டிலை விட்டுவிட்டு வேறொன்றை வரைந்தால் அதற்குப் பெயர் என்ன? பொய்தானே. எதிரில் இருப்பதை இருக்கிறபடி போடுவதுதான் இந்த வேலையின் தர்மம்.

யூனிஃபார்ம் விஷயத்தை யோசித்தேன். ஆஸ்பத்திரி நிர்வாகம் எல்லாருக்கும் நிறத்தை மாற்றியிருக்க வேண்டும். வெள்ளையில் கறை தெரியும், சலவைச் செலவு அதிகம். அப்படி மாற்றும்போது ஊழியர்களைக் கேட்டிருக்க வேண்டும். நீங்களெல்லாம் சேர்ந்து ஒரு மனு கொடுத்திருக்கலாம். உன் கோபத்தை அங்கே காட்டாமல் என்மேல் காட்டுகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு சமாதானமும் கண்டுபிடித்திருக்கிறேன். "உங்ககிட்ட நீலமே இல்லையே, அந்த யூனிஃபார்மை எப்படிப் போடுவீங்க?" என்று நீ ஒரு நாள் கேட்டாய். அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். கருப்பில் கொஞ்சம் வெள்ளையைக் கலந்தால் வெறும் சாம்பல்தான். அந்தச் சாம்பலை வெங்காயத் தோலின் செம்பழுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார். நீலமாகிவிடும்! ட்யூபில் இல்லாத நிறம் பக்கத்தில் இருப்பவனால் வருகிறது. நேற்று ஒரு துண்டு அட்டையில் போட்டுப் பார்த்தேன், சத்தம் போட்டுச் சிரித்தேன். கூப்பிட்டுக் காட்டலாமென்று திரும்பினால் வீட்டில் யாருமில்லை.

ஆகவே உன் புது நீலத்தையே வரைந்துவிடலாம், பழைய வெள்ளை தேவையில்லை. நான் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன் பார். கெட்டிலை அனுப்பிவிட்டு நீயும் வந்துவிட்டால் வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிடும். மேஜையும் உன் கைக்கு வந்துவிடும். உனக்கு மேஜைதானே பிரச்சினை?

உன் கணவன்

பி.கு.: துவரம்பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது? எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கிறது.


பிப்ரவரி 17

எனக்கு மேஜை பிரச்சினை இல்லை.

அன்புள்ள என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை, அதனால் நேராகவே ஆரம்பித்துவிட்டேன். உங்கள் கடிதத்தை அக்காவிடம் காட்டினேன். மனு கொடுக்கச் சொன்ன இடம் வந்ததும் தையல் போட்ட முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நிஜமாவே தெரியாதாடி அவருக்கு?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிறத்தை யாரும் எல்லாருக்கும் மாற்றவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு வெள்ளை, தலைமை நர்சுக்கு மட்டும் கரு நீலம். என்னைத் தலைமை நர்சாகப் போட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷம் அந்த வார்டில் நின்று, என்னைவிடச் சின்னவர்களெல்லாம் தாண்டிப் போனதைப் பார்த்து, கடைசியில் வந்த வேலை.

மூன்று தடவை உங்களிடம் சொன்னேன். முதல் தடவை, உத்தரவு வந்த அன்றைக்கு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து, "என்னைத் தலைமை நர்ஸாப் போட்டுட்டாங்க" என்றேன். கத்தியால் பெயிண்டைக் குழைத்துக்கொண்டே 'ம்' என்றீர்கள். அடுத்த தடவை சாப்பிடும்போது சொன்னேன். "வெங்காயம் முளை விட்டுடுச்சு, பாத்தியா?" என்றீர்கள். மூன்றாவது தடவை புது யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டீர்கள். பார்த்தது என்னையில்லை, கெட்டிலை. "கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லு. அந்த வெள்ளையை ஏன் மாத்தினே?" என்றீர்கள்.

நான் இடது பக்கம் தள்ளியும் நின்றேன். அதை நினைத்தால்தான் இப்போதும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அந்த ஒன்பது பேர் வந்தது எதற்கென்று நினைத்தீர்கள்? எனக்காக வந்தார்கள். "சார், உங்களுக்கு ரொம்பப் பெருமையா இருக்குமே" என்று ஒருத்தி உங்களிடம் கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? "இன்னும் ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும்மா" என்றீர்கள். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

எதிரில் இருப்பதை இருக்கிறபடி போடுவதுதான் தர்மம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல தர்மம்.

இன்னொரு விஷயம். எங்கள் ஆஸ்பத்திரிக்கு இந்த ஊரிலும் கிளை இருக்கிறது. அக்காவை அங்கேதான் சேர்த்திருந்தோம். அங்கே தலைமை நர்ஸ் இடம் ஒன்று காலியாக இருக்கிறதாம், "நீங்க இங்கேயே வந்துடறீங்களா?" என்று கேட்டார்கள். மார்ச் ஐந்துக்குள் சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. நான் நிஜமாகவே யோசிக்கிறேன். மிரட்டலுக்குச் சொல்லவில்லை.

துவரம்பருப்பு, மூடியில் 'து' என்று எழுதியிருக்கிற டப்பாவில் இருக்கிறது.


பிப்ரவரி 20

அன்புள்ளவளுக்கு,

நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். மூன்று தடவையும் நீ சொன்னது இப்போது எனக்கு வரிசையாக ஞாபகம் வருகிறது. காதில் விழுந்திருக்கிறது, உள்ளே போகவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் கூட வேலை பார்க்கிறவர்கள் முன்னால் உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன். மன்னித்துவிடு.

தலைமை நர்ஸ் வேலை கிடைத்ததற்கு என் வாழ்த்துகள். தாமதம்தான். என்றாலும் மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

நீ அங்கேயே தங்கிவிடுவாய் என்று நினைக்கவே முடியவில்லை. கண்காட்சியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நீ வந்துவிடு. கெட்டிலைக்கூட நீ அனுப்ப வேண்டாம். இருக்கிற இடத்திலேயே சன்னல் பக்கமாக வைத்து ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்பினால் போதும். காலை பத்து மணி வெளிச்சமாக இருந்தால் நல்லது. முடிந்தால் நீ அதன் எதிரில் நீல யூனிஃபார்மோடு ஒரு ஆறடி தள்ளி நில்.

உன் கணவன்


பிப்ரவரி 23

மகானுபாவரே,

மன்னிப்புக் கடிதத்தின் வாலிலும் கெட்டில்! உங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? முதல் பாதியைப் படித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, உண்மை. "பரவாயில்லடி, மனுஷன் வழிக்கு வந்துட்டார்" என்று அக்காகூடச் சொன்னாள். அப்புறம் கீழ்ப்பாதியைப் படித்தேன். அக்கா காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "நீ அந்த வேலையிலயே சேந்துடு" என்றாள்.

போட்டோ வராது. காலை பத்து மணி வெளிச்சமும் வராது. என் யூனிஃபார்ம் அங்கே பீரோவில் தொங்குகிறது, அது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நான் வெங்காயத்தின்மேல் பொறாமைப்பட்டேன். எழுதவே கேவலமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். ஐம்பத்து நாலு வயதில் ஒரு பொம்பளை வெங்காயத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவாளா? நீங்கள் அதைப் பார்க்கிற பார்வையை நான் சமையலறையிலிருந்து பார்த்திருக்கிறேன். தோல் எங்கே உரிந்திருக்கிறது, எங்கே வெளிச்சம் பட்டு மெலிசாகத் தெரிகிறது, எவ்வளவு அக்கறை! நீங்கள் படம் போடுவது எனக்குப் பிடிக்காது என்று நினைக்காதீர்கள். ரிட்டயர் ஆன முதல் வருஷம் நீங்கள் சன்னலோரம் வெறுமனே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பயந்தவள் நான். அந்த வகுப்பில் சேரச் சொன்னதே நான்தான். அதனால்தான் இன்னும் எரிகிறது. என் வார்டில் யாராவது புருவத்தைச் சுருக்கினால்கூட வலிக்கிறதா என்று போய்க் கேட்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

இங்கே கிளை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வார்டு சுத்தமாக இருக்கிறது. ஆட்களும் நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள். எனக்கென்று ஒரு மேஜை கொடுப்பார்களாம். அதன்மேல் வெங்காயம் இருக்காது.

இன்னும் முடிவு செய்யவில்லை.

நான்


மார்ச் 1

அன்புள்ள தலைமை நர்ஸ் அவர்களுக்கு,

மேஜையைக் காலி செய்துவிட்டேன். வெங்காயம், எலுமிச்சை எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன. துண்டைத் துவைத்துக் காயப்போட்டேன். தரையில் ஒட்டியிருந்த டேப் எல்லாவற்றையும் உரித்தேன். உன் காலுக்கு ஒட்டியதை உரிக்கும்போது கொஞ்சம் சிரமமாக இருந்தது, பசை தரையோடு பிடித்துவிட்டது. பெயிண்ட் தட்டை பிரீசரிலிருந்து எடுத்துவிட்டேன். படத்தில் கெட்டிலின் வயிற்றில் நான் போட்டிருந்த வெள்ளைக் கீற்றை பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டேன். மாஸ்டர் பதறிப்போனார். "அதானே சார் படத்துலயே உயிரு" என்றார். "அது என் சம்சாரம் சார். அதுல அவ முகமே இல்ல" என்றேன். என் படம் கண்காட்சிக்கு வராது என்றும் சொல்லிவிட்டேன்.

நேற்று முன்தினம் உன் வார்டுக்குப் போனேன். வாசலில் நிறுத்தி, "கை கழுவிட்டு வாங்க" என்றார்கள், கழுவிவிட்டுப் போனேன். அன்றைக்கு வந்த ஒன்பது பேரையும் மறுபடி சாப்பிடக் கூப்பிட்டேன். முதலில் தயங்கினார்கள். நான் நின்ற நிலையைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு, டியூட்டிக்குப் போக வேண்டிய இருவர் தவிர ஏழு பேர் வந்தார்கள். மேஜையில் உட்கார வைத்து நானே பரிமாறினேன். நானே சமைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, யாரும் முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டார்கள். வெளியாட்கள் குறை சொல்ல மாட்டார்கள் என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வார்டில் உன்னை எல்லாரும் 'சைரன்' என்று கூப்பிடுவார்களாமே? பெரிய டாக்டரையே கை கழுவவில்லையென்று திருப்பி அனுப்பினாயாமே? ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்கு நீ பாட்டுப் பாடுவாயாம். "சுருதியே சேராது சார். ஆனா சிரிச்சுக்கிட்டே கையை நீட்டிடுவாங்க" என்று அந்தக் கண்ணாடி போட்ட பெண் சொன்னாள். இத்தனை வருஷத்தில் நீ என் முன்னால் ஒரு வரி பாடியதில்லை. பாடியிருந்து, நான் 'ம்' சொல்லியிருப்பேனோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

அவர்களில் வயதில் சின்னவள் கடைசியாக ஒன்று சொன்னாள். அன்றைக்கு அவள் தட்டை மேஜை ஓரத்தில் வைக்கப் போனாளாம். நீ ஓடி வந்து தடுத்தாயாம். "அது அவர் வேலை. தொடாதே. ரொம்ப நல்லா வந்துக்கிட்டிருக்கு" என்றாயாம். நான் பரிமாறுகிற கரண்டியோடு சமையலறைக்குள் போய்விட்டேன். நீ அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டு நின்ற இடத்திலேயே நானும் நின்றேன். உன்னை எப்படிப் பார்க்காமல் விட்டேன் நான்?

அந்த ஊர் வேலை உனக்குப் பிடித்திருந்தால் தாராளமாக ஏற்றுக்கொள். என்னை நினைத்துத் தடுமாறாதே. நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுகிறேன். எனக்கு ஒரு அறையின் மூலை போதும். சன்னல் வடக்குப் பார்த்து இருந்தால் நல்லது, படம் போட வெளிச்சம் மாறாமல் இருக்கும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நீ வந்ததும் உன்னை வரைய ஆசை. கெட்டிலில் இல்லை, நேராக.

உன் கணவன்


மார்ச் 4

என் வீட்டுக்காரருக்கு,

தெரியாமல்தான் கேட்கிறேன், உங்களுக்கு யார் இந்த யோசனையெல்லாம் கொடுக்கிறார்கள்? எனக்கு வேலை உயர்ந்ததற்கு விருந்து, அதில் நான் இல்லை! மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் நடத்திய வீடு நம் வீடுதான். கடிதம் வருவதற்கு முன்பே ஏழு பேரும் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் போன் பண்ணிவிட்டார்கள். "சார் அழுதுட்டார் மேடம்" என்கிறாள் ஒருத்தி. "உப்பே இல்ல மேடம்" என்கிறாள் இன்னொருத்தி. சைரன் என்கிற பேர் எனக்கே தெரியாது. அதைப் போய் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வந்து கவனித்துக்கொள்கிறேன் அவர்களை.

மேஜையைக் காலி பண்ணச் சொல்லி உங்களிடம் யார் சொன்னார்கள்? என் கடிதங்களை எடுத்துப் பாருங்கள், எங்கேயாவது எழுதியிருக்கிறேனா? நான் அத்தனை நாள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது அரைகுறையாக நிறுத்துவதற்கா? அந்த வெங்காயம் எவ்வளவு நன்றாக வந்திருந்தது! எடுத்துக் கடித்தால் கண் எரியும் போல இருந்தது. அதைப் போய்க் கண்காட்சிக்கு வராது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். கோபத்தில் எனக்கு நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. மாஸ்டரிடம் போய் அடுத்த தடவைக்குப் பேரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தப் படம் முடியும். ஆனால் சாப்பாட்டு மேஜையில் இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடத்தை ஒழித்துத் தருகிறேன், பலகை அடித்துக்கொள்ளுங்கள். வடக்கு தெற்கென்று பேச்செடுக்கக் கூடாது.

இங்கே வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். உங்களுக்காக இல்லை. என் வார்டு அங்கே இருக்கிறது. நான் இல்லாமல் அந்தப் பெரிய டாக்டர் கையைக் கழுவுகிறாரோ என்னவோ. சரி, உங்களுக்காகவும்தான். அக்கா சிரிக்கிறாள். அவளுக்கு முட்டி மடங்க ஆரம்பித்துவிட்டது, இனி நான் தேவையில்லை. கெட்டில் வேண்டும் என்கிறாள். கொடுத்துவிட்டு வருகிறேன். அவளுக்குத் தேநீருக்கு வேண்டும். உங்களுக்கு அந்தச் சப்பை வயிற்றுக் கெட்டில் இருக்கிறது, அதை வைத்து முடியுங்கள். இருக்கிறதை இருக்கிறபடி போடுவதுதானே உங்கள் தர்மம்?

என்னை வரைய வேண்டாம். வரைந்தால் நான் வாரக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும், எனக்கு டியூட்டி இருக்கிறது. பார்த்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள். எந்தப் பெட்டி என்று சொல்ல மாட்டேன். இறங்கிக் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பேன். கூப்பிட மாட்டேன், கையும் காட்ட மாட்டேன். நீங்களே என்னைக் கண்டுபிடியுங்கள்.